தகுதி பெற்ற தந்தை

எனக்குப் பிள்ளை கிடையாது. கல்யாணமே ஆகவில்லை. பெண் பார்க்கப் போன இடத்தில் எல்லாம் "மாப்பிள்ளை என்ன வேலை பாக்குறாரு?" என்று கேட்டார்கள். "சிரிக்க வைக்கிறாருங்க" என்று தரகர் சொன்னார். அவர்கள் சிரிக்கவில்லை. ஆனாலும் அரியலூர், பெரம்பலூர் இரண்டு மாவட்டத்திலும் விஞ்ஞான முறைப்படி சோதித்துத் தகுதி கொடுக்கப்பட்ட தந்தை என்று ஒருவன் இருந்தால், அது அழகேசனாகிய நான்தான். சான்றிதழைச் சட்டம் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். என் அம்மா அதைப் பார்க்கும்போதெல்லாம் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

நானும் அறிவுச்செல்வனும் கோயில் திருவிழா மேடைகளில் நகைச்சுவை பேசிப் பிழைத்தவர்கள். சனங்கள் எல்லாம் கைப்பேசிக்குள் குடிபோய்விட்டதால் நாங்களும் அதற்குள்ளேயே போனோம். அரியலூரில் ஒரு டயர் கடைக்கு மேலே அறை பிடித்து, எதிரொலி வராதபடி சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டி, சுண்ணாம்புக்கல் லாரிகள் ஹாரன் அடிக்காத நேரமாகப் பார்த்துப் பேசிப் பதிவு செய்வோம். பாட்காஸ்ட் என்கிறார்களே, அது. பெயர் 'ரெண்டு அப்பன்கள்'. நாகரிகம் போகிற போக்கு, விஞ்ஞானிகள் கண்டுபிடிக்கிற விநோதங்கள், அப்பனாக இருப்பதன் அவஸ்தை என்று மூன்றையும் போட்டுக் கலக்குவோம். ஒரு அப்பன் அறிவுச்செல்வன். இன்னொரு அப்பன் தேவைப்பட்டதால் நான். நிகழ்ச்சியில் மட்டும் எனக்கு இரண்டு பையன்கள் உண்டு. ஒரு வாரம் ஞாபகப் பிசகாக மூன்று பையன்கள் ஆகிவிட்டார்கள், யாரும் கவனிக்கவில்லை.

அறிவுச்செல்வனுக்கு நிஜமாகவே ஒரு மகள், சண்முகப்பிரியா. பன்னிரண்டாம் வகுப்பு. நிகழ்ச்சியில் அவள்தான் கதாநாயகி.

"எம்பொண்ணுகிட்ட ஒரு சொம்பு தண்ணி கொண்டாம்மான்னேன். ரூம்புக்குள்ளேருந்து 'லொகேஷன் அனுப்புங்கப்பா'ங்கிறா" என்பான்.

"அது பரவால்ல. கடல்குதிரையில ஆம்பளதான் குட்டி போடுமாம், தெரியுமா?" என்று நான் விஞ்ஞானத்துக்கு வருவேன்.

"நம்மூர்லயும் ஆம்பள பெத்திருந்தா, டாஸ்மாக் பக்கத்துல பிரசவ வார்டு கட்டச் சொல்லி ரோட்டுல உக்காந்திருப்பான்."

மக்கள் சிரித்தார்கள். பிரியா பத்து மணி வரை தூங்குகிற கதை, கண்ணாடி முன்னால் ஆடிக்கொண்டே தோசையைக் கருக்கிய கதை எல்லாவற்றுக்கும் சிரித்தார்கள். உண்மையில் அந்த ஒன்றரை வருடமாகப் பிரியா வீட்டிலேயே இல்லை. சிறுவாச்சூர் தாண்டி நெடுஞ்சாலை ஓரம் இருக்கும் பிரெய்ன் ஹார்வெஸ்ட் உறைவிடப் பள்ளியில் டாக்டருக்கு விளைந்துகொண்டிருந்தாள். சேர்த்தவன் அறிவுச்செல்வனேதான். "நம்மள மாதிரி மைக்கப் புடிச்சுக்கிட்டு இவளும் கெட வேணாம்டா" என்று சொல்லித்தான் சேர்த்தான். அவனை நான் தடுக்கவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தோறும் வார்டன் கைப்பேசியிலிருந்து பிரியா பேசலாம். ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேச வேண்டும். "நல்லா இருக்கேன், நல்லா சாப்பிடுறேன், நல்லா படிக்கிறேன்" என்ற மூன்று வாக்கியங்களுக்கு மேல் அவள் பேசியதில்லை. போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான்காவதாக ஒன்று வந்தது.

"அப்பா, என்னைய வந்து கூட்டிட்டுப் போயிடுங்கப்பா."

உடனே இணைப்பு துண்டிக்கப்பட்டது. திருமானூரில் அவன் வீட்டில் நானும் அப்போது உட்கார்ந்திருந்தேன். அறிவுச்செல்வன் கைப்பேசியையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பெண்டாட்டி பஞ்சவர்ணம் அடுப்பை அணைத்துவிட்டு வந்து நின்றது.

"புள்ளை இல்லாம வூட்டுப் படி ஏறாதீங்க" என்று அவனிடம் சொல்லிவிட்டு, "தம்பி, நீங்களும் கூடப் போங்க. இவரு அங்க போயி ஜோக்கு கீக்கு அடிச்சிடப் போறாரு" என்றது.

மறுநாள் திங்கட்கிழமை. சிறுவாச்சூர் கோயில் நடை திறக்கிற நாள் என்பதால் பஸ்ஸில் ஒற்றைக்காலில் நின்று போனோம். பள்ளி வாசலில் காவலாளி எங்களைத் தடவிப் பார்த்தார். என் சட்டைப்பையில் இருந்த கடலை மிட்டாயை எடுத்து, "உள்ள பாசம் கொண்டு போகக் கூடாதுங்க சார்" என்று ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டார். அந்த டப்பாவில் ஏற்கெனவே முறுக்கு, ஒரு ஸ்வெட்டர், திருநீற்றுப் பொட்டலம், யாரோ ஒரு நாய்க்குட்டியின் புகைப்படம் எல்லாம் இருந்தன.

"பொண்ணக் கூட்டிட்டுப் போக வந்திருக்கோம்" என்றான் அறிவுச்செல்வன்.

"அப்பாவா? அப்பான்னா மாடியில தந்தைமைத் தகுதி ஆய்வுப் பிரிவுக்குப் போங்க. அம்மாவா இருந்தா இப்படியே திரும்பிப் போயிடலாம், அவங்களுக்குப் பிரிவு இல்ல."

பிரிவின் தலைவர் டாக்டர் பரணிதரன். மருந்து கொடுக்கிற டாக்டர் இல்லை, ஆராய்ச்சிப் பட்டம் வாங்கிய டாக்டர். எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்று, உங்கள் நிகழ்ச்சிகள் அத்தனையையும் ஒன்றுவிடாமல் கேட்டிருக்கிறேன் என்றார். அறிவுச்செல்வனுக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ரசிகர் என்று நினைத்துவிட்டான். மேடைக்காரனுக்கு உள்ள வியாதி அது.

"பத்து மணி வரைக்கும் உங்க மகள் தூங்குறதா சொல்லியிருக்கீங்க. எங்க ஹாஸ்டல்ல நாலரைக்கு எழுப்பிடுறோம். அப்ப எந்த மகள் தூங்குறாங்க?" என்று கேட்டார் பரணிதரன்.

"அது சும்மா, ஜோக்குங்க சார்."

"ஜோக்குன்னா உண்மையா, பொய்யா?"

அறிவுச்செல்வன் என்னைப் பார்த்தான். இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கிறோம், இதை யாரும் எங்களிடம் கேட்டதில்லை.

"பொய்தாங்க சார்."

"பெற்ற மகளைப் பத்திப் பொதுவெளியில தொடர்ந்து பொய் சொல்ற தந்தை" என்று பரணிதரன் கணினியில் தட்டினார்.

"ஐயோ, அப்படி இல்லீங்க. உண்மைன்னே வெச்சுக்குங்க."

"பத்து மணி வரைக்கும் மகளைத் தூங்கவிட்ட தந்தை" என்று அதையும் தட்டினார். "அப்புறம், ஆண்களுக்குப் பிரசவ வார்டு. அதுவும் மதுக்கடைக்குப் பக்கத்துல. இது கோரிக்கையா, இல்ல உங்களுக்கு அந்த மாதிரி ஏதாவது உடம்புல தோணுதா? கூச்சப்படாம சொல்லுங்க. விஞ்ஞானத்துல கூச்சம் கிடையாது."

இந்த நேரத்தில் தாளாளர் வைரக்கண்ணு உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, கையில் அளக்கிற டேப். பள்ளி தொடங்குவதற்கு முன்னால் அவர் அரியலூரில் காண்டிராக்டர். பிள்ளை வளர்ப்புக்கு அவர் கண்டுபிடித்த கொள்கைக்கு 'க்யூரிங் முறை' என்று பெயர். அதற்காக அவருக்கு எங்கோ வெளிநாட்டில் ஒரு பல்கலைக்கழகம் பட்டமும் கொடுத்திருக்கிறது. அந்தப் பல்கலைக்கழகம் இருக்கும் ஊரின் பெயர் அவருக்கே சரியாக வாயில் நுழையவில்லை.

"பொண்ணக் கூட்டிட்டுப் போறேன்னு வந்திருக்கீங்களாம். நான் வாழ்க்கை பூரா கான்கிரீட் போட்டவன் சார்" என்று ஆரம்பித்தார். "தளம் போட்ட அன்னிக்கே வூட்டுக்காரன் வந்து நிப்பான். ஆசைதான். ஏறி நடந்து பாக்கலாமான்னு கேப்பான். ஏறுனா என்னாவும்? விரிசல் வுட்டுடும். தண்ணி மட்டும் ஊத்தணும், கையை வெக்கக் கூடாது. புள்ளையும் அப்படித்தான். ரெண்டு வருசம் யாரும் தொடக் கூடாது, கொஞ்சக் கூடாது. பாசம்ங்கிறது தளம் இறுகுறதுக்கு முன்னாடியே சென்ட்ரிங் பலகையப் பிரிக்கிற மாதிரி. எங்கிட்டயும் அனுபவம் இருக்கு. நான் நாலு பாலம் கட்டியிருக்கேன். அதுல ரெண்டு இன்னும் நிக்குது."

"மத்த ரெண்டுங்க?" என்று நான் கேட்டுவிட்டேன்.

"அதுல அவசரப்பட்டு பஸ்ஸ வுட்டுட்டாங்க" என்றார் கொஞ்சமும் அசராமல். "போன பொங்கலுக்கு ஒருத்தர் அழுது புரண்டு பையனக் கூட்டிட்டுப் போனாரு. திரும்பி வந்த பையன் என்ன பண்ணான் தெரியுமா? ஜன்னல் வழியா வெளிய பாக்க ஆரம்பிச்சிட்டான். அவனப் பாத்துப் பக்கத்துப் பையன். கடைசியில அந்தப் பக்கத்து ஜன்னல் பூரா செங்கல் வெச்சு அடைக்க வேண்டியதாப் போச்சு. யாருக்கு நஷ்டம்?"

அறிவுச்செல்வனுக்குப் பொறுமை போய்விட்டது. "எம்புள்ளைய எங்கிட்ட வுட்டுடுங்க சார். டாக்டராவும் வேணாம், ஒண்ணும் வேணாம்" என்றான்.

"தாராளமா" என்றார் தாளாளர். "ஆனா பொதுத்தேர்வு ஹால் டிக்கெட் எங்ககிட்டதான இருக்கு. இப்ப போனா அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வருசமும் போச்சு. விதிப்படி தந்தைமைத் தேர்வுல பாஸ் பண்ணுங்க, பொண்ணு, ஹால் டிக்கெட் ரெண்டையும் கையில குடுத்து அனுப்புறோம்."

அறிவுச்செல்வன் தலையில் ரப்பர் பட்டை ஒன்றை மாட்டினார்கள். பட்டையில் இரண்டு சின்ன விளக்குகள், ஒன்று பச்சை, ஒன்று சிவப்பு. தந்தைமை மானி என்று அதற்குப் பெயர். ஆரோக்கியமான தந்தையின் மூளை பிள்ளையைப் பற்றிய பேச்சு வந்தால் அலையில்லாமல் இருக்க வேண்டும் என்று பரணிதரன் விளக்கினார்.

"உங்கள் பிள்ளை அழுகிறது. என்ன செய்வீர்கள்?"

"ஏம்மா அழுவுறன்னு கேப்பேன்."

சிவப்பு.

"பிள்ளைக்குப் பிடித்த உணவு எது?"

"கருவாட்டுக் கொழம்பு. ஆனா கத்திரிக்காய் போடக் கூடாது, போட்டா தட்டைத் தள்ளிடும்."

சிவப்பு. விளக்கோடு சேர்ந்து பூச்சிச் சத்தம் மாதிரி ஒன்றும் வந்தது.

"கடைசியாகப் பிள்ளையை எப்போது நினைத்தீர்கள்?"

"இப்பத்தான் சார். இந்தா, இப்பவும்" என்றான். மானி அலறிய அலறலில் கீழே இருந்த காவலாளி மாடிக்கு ஓடி வந்துவிட்டார். பட்டையைக் கழற்றிய பரணிதரன் தன் கையை ஊதிக்கொண்டார், சூடாகிவிட்டதாம். இவ்வளவு மோசமான தந்தையைத் தன் ஆராய்ச்சி வாழ்க்கையில் பார்த்ததில்லை என்றார்.

"கூட வந்தவரும் அப்பாதானே? நிகழ்ச்சியில ரெண்டு பையன்னு சொல்லுவாரே, ஒப்பீட்டுக்கு அவருக்கும் மாட்டிப் பாப்போம்" என்று என் தலையில் மாட்டினார். எனக்குப் பிள்ளையே கிடையாது என்று சொல்ல வாயெடுத்தேன். மானி இயங்கும்போது கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும் என்று தடுத்துவிட்டார்.

"உங்கள் பிள்ளை அழுகிறது. என்ன செய்வீர்கள்?"

"எந்தப் புள்ளைங்க?"

பச்சை.

"பிள்ளைக்குப் பிடித்த உணவு?"

"தெரியாதுங்க."

பச்சை.

"கடைசியாகப் பிள்ளையை எப்போது நினைத்தீர்கள்?"

"நெனச்சதே இல்லீங்க."

பரணிதரன் எழுந்து வந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. தாளாளர் என் முதுகில் தட்டி, "இது தளம்யா. லாரி ஏத்துனாலும் அசையாது" என்றார். எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். அறிவுச்செல்வனும் பழக்க தோஷத்தில் கைதட்டினான்.

அவனுக்குத்தான் அப்போது ஒரு யோசனை வந்தது. "சார், பாஸ் பண்ண தந்தைகிட்ட புள்ளைய அனுப்புவீங்கன்னீங்களே. இவன்கிட்ட அனுப்புவீங்களா?"

பரணிதரன் விதிகளைக் கணினியில் புரட்டிப் பார்த்தார். தகுதி பெற்ற தந்தையிடம் ஒப்படைக்க வேண்டும் என்றுதான் இருந்தது. யாருடைய தந்தை என்று எங்கும் இல்லை. ஒரே ஒரு சிக்கல், ஒரு பிள்ளைக்கு ஒரே நேரத்தில் இரண்டு தந்தைகள் இருக்க முடியாது. ஆகவே தோற்றவர் தான் தந்தை இல்லை என்று கேமரா முன்னால் உரக்கச் சொல்லி விலகிக்கொள்ள வேண்டும்.

"மாப்ள, சொல்லிடவா?" என்றான் அறிவுச்செல்வன்.

"சொல்லுடா. வெளிய போயி நாலு திட்டு திட்டிக்கலாம்."

சொன்னான். எத்தனையோ மேடை ஏறியவன், மைக் இல்லாமலே கடைசி வரிசைக்குக் கேட்கிற குரல் அவனுக்கு. "சண்முகப்பிரியாவுக்கு நான் அப்பன் இல்ல" என்று தெளிவாக, எச்சில் கூட விழுங்காமல் சொன்னான். போதவில்லை, இன்னும் சத்தமாக என்றார் பரணிதரன். இன்னும் சத்தமாகச் சொன்னான்.

கதவைத் திறந்தார்கள். பிரியா வெளியிலேயே வார்டனோடு நின்றிருந்தாள். உள்ளே வந்து, நிற்க வேண்டிய இடத்தில் தரையில் போட்டிருந்த கோட்டில் சரியாகக் கால்களைச் சேர்த்து நின்றாள். ஆள் பாதியாகியிருந்தாள். தலைமுடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். எங்களைப் பார்த்ததும் முகத்தில் ஏதோ வந்தது, வந்த வேகத்தில் போய்விட்டது.

"மாணவி சண்முகப்பிரியா. உன் தந்தை யார்?" என்று கேட்டார் பரணிதரன்.

அவள் அறிவுச்செல்வனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தாள்.

"ஆப்ஷன் சொல்லுங்க சார்" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அப்பன் மகள் என்றால் இப்படி இருக்க வேண்டும், என்ன டைமிங் என்று நினைத்துச் சிரித்தேன். யாரும் என்னோடு சேரவில்லை. அவள் நிஜமாகவே கேட்டிருந்தாள்.

"ஏ, அறிவுச்செல்வன். பி, அழகேசன். சி, இருவரும். டி, இருவரும் இல்லை."

பி என்று சொல்லம்மா, சித்தப்பா பேரைச் சொல்லிடும்மா, வெளியே போய்விடலாம் என்று நான் கண்ணைக் காட்டினேன். அவள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏ-ன்னுதான் சார் நெனச்சேன். ஆனா அவரே இல்லன்னு சொன்னது வெளிய கேட்டுச்சு" என்று மெதுவாகச் சொன்னாள். "டவுட்டா இருந்தா விட்டுடணும் சார். மைனஸ் மார்க்."

"நான்தாம்மா!" என்று கத்தினான் அறிவுச்செல்வன். "நான்தான்டி உங்கப்பன்! உன்னைய வெளிய கூட்டிட்டுப் போறதுக்குத்தாம்மா அப்படிச் சொன்னேன்!" ஓடிப்போய் அவளைக் கட்டிக்கொண்டான். முதலில் விறைத்துக்கொண்டு நின்ற பிள்ளை, பிறகு அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதது. எனக்கும் அழுகை வந்தது. அந்த நேரத்தில் மட்டும் என் தலையில் அந்தப் பட்டை இல்லாதது என் அதிர்ஷ்டமா என்னவோ, எனக்குத் தெரியவில்லை.

பரணிதரன் கேமராவை நிறுத்தினார். விலகல் செல்லாது, ஆகவே ஒப்படைப்பும் செல்லாது என்றார். தாளாளர் பிரியாவின் கன்னத்தைக் குனிந்து பார்த்தார், சுவரில் கசிவு பார்க்கிற மாதிரி.

"தொட்டாரு, பாத்தீங்கள்ல? வுட்டுடுச்சு விரிசல். இனிமே முதல்லேருந்து க்யூரிங் போடணும். பரீட்சை வரைக்கும் ஞாயித்துக்கிழமை போனும் கட்" என்றார். வார்டன் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகச் சட்டையிலிருந்து பிரித்தார்.

போலீசுக்குப் போயிருக்கலாமே என்பீர்கள். போனோம். அங்கே இருந்த அதிகாரி எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அவ்வளவு ஸ்ட்ரிக்ட்டாவா இருக்காங்க? எம்பையனுக்கு அங்க ஒரு சீட்டு கேட்டா கிடைக்குமா?" என்றார். பஞ்சவர்ணம் தானே நேரில் போனது. அம்மாக்களுக்குப் பிரிவு இல்லை என்று காவலாளி சொன்னதோடு சரி. அறிவுச்செல்வனை வீட்டுப் படி ஏறவிட்டது, ஆனால் அவனோடு பேசுவதில்லை. 'ரெண்டு அப்பன்கள்' நின்றுபோயிற்று. பிரியா எப்படி இருக்கிறாள், புதுக் கதை எங்கே என்று இன்னமும் எழுதிக் கேட்கிறார்கள்.

ஒரு வாரம் கழித்துப் பள்ளியிலிருந்து என்னை அழைத்தார்கள். மாதிரித் தந்தை என்று ஒரு பதவி. வாரம் ஒருநாள் வந்து மாணவர்களுக்கு முன்னால் நின்று நகைச்சுவை பேச வேண்டும், மன இறுக்கத்துக்கு நல்லது என்று பரணிதரன் படித்திருக்கிறாராம். செருப்பாலடிப்பேன் என்று சொல்ல நினைத்தேன். அறிவுச்செல்வன்தான் என் கையைப் பிடித்துக்கொண்டான். "போடா மாப்ள. ஒருத்தராவது அவளைப் பாக்கலாம்ல" என்றான்.

வெள்ளிக்கிழமைகளில் போகிறேன். பொன்னாடையைப் போர்த்திக்கொண்டு மேடையில் நிற்கிறேன். அவன் எழுதித் தருகிற ஜோக்குகளைத்தான் சொல்கிறேன். கூடம் நிறையப் பிள்ளைகள், ஐந்தாவது வரிசை ஓரத்தில் பிரியா. நான் ஜோக்கைச் சொல்லி முடித்ததும் மேடைக்கு மேலே பச்சை விளக்கு எரியும், எல்லோரும் சிரிப்பார்கள். விளக்கு அணைந்ததும் நிறுத்திவிடுவார்கள். போன வாரம் நான் ஒரு ஜோக்கின் முடிவை மறந்து பாதியில் நின்றுவிட்டேன். விளக்கு எரிந்தது, அதற்கும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அறிவுச்செல்வன் எதிர்ப்பக்கம் சாலையோர டீக்கடையில் உட்கார்ந்திருப்பான். உள்ளே வர அவனுக்கு அனுமதி இல்லை. நான் வெளியே வருவதைப் பார்த்ததும் லாரி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் சாலையைக் கடந்து ஓடி வருவான்.

"சிரிச்சாளாடா?"

"சிரிச்சாடா."

அவன் முகம் மலர்ந்துவிடும். என் தோளைப் பிடித்து உலுக்குவான்.

"எந்த ஜோக்குக்கு?" என்று கேட்பான்.